எங்கட பெண்கள் தொண்டர் கழகத்துட 2025 ஆம் வருச அறிக்கை

தலைவி அக்காவுக்கும் கமிட்டி ஆக்களுக்கும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில இருந்து வெள்ளாப்பில எழும்பி ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிற அம்மாமாருக்கும் தங்கச்சிமாருக்கும் வணக்கம். போன வருசம் அறிக்கை வாசிக்கக்குள்ள யாருக்கு என்னென்ன குடுத்தம் எண்டு பெரிய லிஸ்ட் ஒண்டு வாசிச்சன், இந்த முறை குடுத்தத சுருக்கமா சொல்லிட்டு கேட்டத பத்தித்தான் கூட சொல்லப்போறன், ஏனெண்டா இந்த வருசம் நாம கூட மினக்கெட்டது கேக்கிறதுக்குத்தான்.

மாசக் கூட்டம் எல்லா மாசமும் நடந்தது, மழையால ஒண்டு மட்டும் ஒரு கிழமை தள்ளிப்போனது. வருசத் தொடக்கத்தில கொப்பி, ஸ்கூல் பேக் குடுத்தம், தீபாவளிக்கு தனிய இருக்கிற வயசாக்களுக்கு சேலையும் அரிசியும் குடுத்தம், கண் கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போய் கண்ணாடி எடுத்துக் குடுத்தம். காசு விவரம் பொருளாளர் வாசிப்பா.

இப்ப கிளினிக் விசயத்துக்கு வாறன். சுகவனிதையர் கிளினிக் எண்டு எம்ஓஎச் ஒபிசில, அதான் சுகாதார வைத்திய அதிகாரிட ஒபிசில நடக்கிறது நம்மளில கனபேருக்கு தெரியும், ஆனா போறதில்ல. 35 வயசிலயும் 45 வயசிலயும் ஒவ்வொரு பொம்பிளையும் போய் காட்டவேணும், சல்லி ஒண்டும் இல்ல, பிரஷர், சீனி, மார்பு எல்லாம் பாத்து கருப்பைக் கழுத்து கேன்சருக்கும் டெஸ்ட் எடுப்பாங்க. அந்த கேன்சர் எச்பிவி எண்டுற வைரசாலதான் வாறது, உள்ளுக்கு போன வைரஸ் கேன்சரா மாற 15, 20 வருசம் கூட எடுக்கும், அந்தளவு காலமும் நோவு இல்ல, ஒரு அறிகுறியும் இல்ல. அதுக்குள்ள கண்டுபிடிச்சா சின்ன வைத்தியத்தோட சரி. 2017 இல இருந்து ஆறாம் வகுப்பு பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஸ்கூல்ல இதுக்கு ஊசி போடுறாங்க, ஆறு மாச இடைவெளியில ரெண்டு ஊசி. பிள்ளைகளுக்கு அது கிடைக்குது, ஊசி இல்லாம வளந்த தாய்மாருக்கு இந்த டெஸ்ட்தான் காவல். உலக சுகாதார நிறுவனம் 2030 க்குள்ள 100 பொம்பிளைகளில 70 பேருக்கு 35 இலயும் 45 இலயும் டெஸ்ட் எடுக்கவேணும் எண்டு சொல்லியிருக்கு, நாம போற ஊருகளில அந்த 70 கிட்டவும் இல்ல.

ஏன் போறதில்ல எண்டு வீடு வீடா போய்த்தான் கேட்டம். ஒரு அம்மா முத்தத்தில நெல்லு காயப்போட்டுட்டு இருந்தவ, கால் பெருவிரலால நெல்ல கிளறிக்கிட்டே சொன்னா, "நோவில்லாத இடத்த ஏன் புள்ள காட்டப் போறது, போனா ஒரு நாள் கூலி போகும், பஸ்சுக்கும் காசு, திரும்பி வரக்குள்ள பொழுதும் பட்டிடும்" எண்டு. அவ சொன்னதில பிழ இல்ல. 2014 இல மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவி கடக்க பாதைப் படகுக்கு காத்து நிண்ட காலம் போயிட்டு, ஆனா பாலத்துக்கு வந்து சேர உள்ளூருல பஸ் வேணுமே. கிளினிக் வேலை நாளில வெள்ளன நடக்கும், வெள்ளாமை வெட்டுக்கும் அரிசி ஆலைக்கும் போற பொம்பிளைக்கு அந்த நேரம் ஏலாது. மறுகா வெக்கம். "ஆம்பிளை டொக்டரா இருந்தா என்னகா செய்யிற" எண்டு காதுக்குள்ள கேட்டாக்கள் கனபேர்.

அதால நாம எம்ஓஎச் ஒபிசுக்கு ஒரு கடிதம் எழுதினம், ஊருக்குள்ளயே ஒரு சனிக்கிழம கிளினிக் வைக்கச் சொல்லி. கையெழுத்த நாம மட்டும் வைக்காம அந்த அம்மாமாரயே வைக்கச் சொன்னம், கையெழுத்து ஏலாதாக்கள் பெருவிரல் வச்சாங்க. முதல் கடிதத்துக்கு பதில் இல்ல. ரெண்டாவதுக்கு, வேலைக்கு ஆள் போதாது எண்டு பதில் வந்தது, மூண்டாவத தலைவி அக்காவும் நானும் அந்த அம்மாமாரில நாலு பேரும் கையோட கொண்டு போய் பின்னேரம் வரைக்கும் வாங்கில குந்தி இருந்து குடுத்தம். கதைக்கத் தொடங்கினது நான்தான், ஆனா பாதியில நெல்லுக் காயப்போட்ட அம்மா எழும்பி "நாங்க வரமாட்டம் எண்டு சொல்லல்ல ஐயா, வாறத்துக்கு ஒரு நாளத்தான் கேக்கிறம்" எண்டு சொன்னா. அதுக்குப் பிறகு ஒருத்தரும் எதிர்த்துக் கதைக்கல்ல, அடுத்த மாசம் நாள் தந்தாங்க.

கிளினிக் நடந்தது பலநோக்கு மண்டபத்தில. அங்க கதவு சரியா பூட்டாது, யன்னலுக்கு சீலை இல்ல, அப்பிடி ஒரு இடத்தில யாரு படுப்பா? வெள்ளிக்கிழம பின்னேரம் ஆளுக்கு ரெண்டு பழைய நூல் சேலை கொண்டு வந்து, தேங்காய்க் கயிறு கட்டி, ஊசியும் நூலுமா இருந்து மூண்டு பக்கமும் தச்சம், நிலத்தில பட்டு கிடக்கிற மாதிரி இறக்கமா. அடுத்த நாள் மிட்வைஃப் மிஸ் வந்து பாத்துட்டு, சேலைய கையால தடவி, "இது நல்லா இருக்கு" எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னா. பொம்பிளை டொக்டர் ஒருத்தர் வந்தா, அது அந்த அம்மாமார் கேட்ட ரெண்டாவது விசயம்.

அண்டைக்கு நடந்த ஒண்ட இங்க சொல்லத்தான் வேணும். வரிசையில நிண்டாக்களுக்கு நான் விளக்கம் சொல்லிட்டு நிக்கக்குள்ள ஒரு தங்கச்சி கேட்டா, "அக்கா, நீங்க எடுத்தாச்சா?" எண்டு. எனக்கு 49 வயசு, 35 இலயும் எடுக்கல்ல, 45 இலயும் எடுக்கல்ல. கமிட்டியில இன்னும் மூண்டு பேர் அதே மாதிரி. நாலு பேரும் அந்த வரிசையிலேயே நிண்டு எடுத்தம். இனிமே மத்தாக்களுக்கு சொல்லப்போற கமிட்டி ஆக்கள் முதல்ல தங்கட டெஸ்ட எடுக்கவேணும் எண்டு தீர்மானம் போட்டிருக்கம், கூட்டக் குறிப்பில இருக்கு. அண்டைக்கு எடுத்தாக்களில ரெண்டு பேரை மேல பாக்கச் சொல்லி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க, ரெண்டு பேரோடயும் நாம ஆள் மாறி ஆள் துணைக்குப் போறம். அவங்கட பேர ஒருத்தரும் வெளியில கதைக்கவேணாம், தயவு செய்து.

நவம்பர் கடைசியில டித்வா புயல். 78 சூறாவளிய கண்ட நம்மட பெரியம்மா காத்து மாறின உடனேயே எல்லாருக்கும் போன் போட்டு கூரையில பாரம் வைக்கச் சொன்னவ. நம்மட பக்கம் வெள்ளம், ஆனா மலையகத்தில மண்சரிவு, அங்க நடந்தத டிவியில பாத்துட்டு சோறு இறங்கல்ல. சாமான் சேக்கிற லிஸ்ட்ட பாத்தா அரிசி, பருப்பு, சீனி, பால்மா, சோப்பு எல்லாம் இருக்கு, மாசவிலக்குக்கு வைக்கிற பேட் இல்ல, உள்ளுடுப்பு இல்ல. முகாமில ஈரச் சீலையோட நிக்கிற பிள்ளை யாரிட்ட போய் கேக்கிற? நாம பேட், உள்ளுடுப்பு, ஒரு கறுப்பு பேக், ஒரு டோர்ச் எண்டு தனியா பொதி கட்டி அனுப்பினம். பேட் எண்டுறது சொகுசுச் சாமான் இல்ல. 2018 வரைக்கும் இறக்குமதி செய்யிற பேட்டுக்கு வரியே 100 வீதத்துக்கு மேல இருந்தது, பிறகு குறைச்சாங்க, எண்டாலும் இண்டைக்கும் கூலி வேலை செய்யிற வீட்டில முதல்ல வெட்டுறது அதத்தான். நிவாரண லிஸ்ட்டில அத சேக்கச் சொல்லி பிரதேச செயலகத்துக்கு கடிதம் குடுத்திருக்கம், பதில் வரும்வரைக்கும் விடமாட்டம்.

வீட்டு வன்முறை விசயத்தில இந்த வருசம் பெருசா செய்யல்ல, அது என்ட மனசில கிடக்கு. பொம்பிளைகள் உதவி கேக்கிற 1938 எண்டுற போன் இலக்கத்த கடையிலயும் கோயில் மதில் பக்கத்திலயும் ஒட்டினம், 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்கச் சட்டத்தில நீதவான் கோட்டுல பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம் எண்டு ரெண்டு ஊரில விளக்கம் சொன்னம். ஒட்டினதில கொஞ்சத்த கிழிச்சிருந்தாங்க, திருப்பி ஒட்டினம்.

சாமான் தந்த கடைக்காராக்களுக்கும், லொறி தந்த அண்ணனுக்கும், மண்டபத்த கூட்டிக் கழுவித் தந்த பிள்ளைகளுக்கும் நன்றி. அடுத்த கிளினிக் வெள்ளாமை வெட்டு முடிஞ்ச பிறகு, நாள் கிடைச்ச உடன சொல்லுவன். தச்ச சேலையெல்லாம் துவைச்சு மடிச்சு என்ட வீட்டில பெட்டியில கிடக்கு, இன்னும் ரெண்டு நூல் சேலை இருந்தா கொண்டு வாங்க, ஒரு பக்கம் கொஞ்சம் கட்டையா போயிட்டு.

செயலாளர்