துணை அதிபர் வேட்பாளரும் மாநிலக் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர்களை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரை, 'எந்த மாநிலத்தைப் பிடித்துத் தருவார்' என்ற ஒரே கணக்கில் நின்றுவிட்டது. சாதியும் தொகுதியும் பார்த்து ஆள் நிறுத்திப் பழகிய நமக்கு அது நியாயமாகவே படும். ஆனால் அங்கே அந்தக் கணக்கு அடிக்கடி பொய்த்திருக்கிறது. 2004-இல் ஜான் எட்வர்ட்ஸை நிறுத்தியும் அவருடைய வட கரோலினா ஜனநாயகக் கட்சிக்குக் கிடைக்கவில்லை. 2012-இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயனின் விஸ்கான்சின் ஒபாமாவுக்கே போனது. துணை அதிபர்களாக இருந்த டிக் செனியின் வயோமிங், பைடனின் டெலவேர் இரண்டிலும் தலா 3 எலெக்டோரல் வாக்குகள்தான் (அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள வாக்குகள்); அவையும் ஏற்கெனவே அந்தந்தக் கட்சியின் கோட்டை. கமலா ஹாரிஸ் விஷயமும் அப்படியே. அவருடைய பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிய எங்கள் பக்கத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, கலிஃபோர்னியா 1992 முதல் எல்லா அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்குத்தான் வாக்களித்திருக்கிறது. 1960-இல் லிண்டன் ஜான்சனால் கென்னடிக்கு டெக்சாஸ் கிடைத்ததாகச் சொல்வார்கள். அந்த ஒரு கதையை வைத்துக்கொண்டே இன்னும் காலம் தள்ளுகிறோம்.

அதிபர் இடையில் இறந்துபோனால் என்ன ஆகும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. இதுவரை எட்டு அதிபர்கள் பதவியில் இருக்கும்போதே இறந்திருக்கிறார்கள். 1944-இல் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டின்போது அதிபர் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை மோசமாக இருந்தது கட்சித் தலைவர்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் துணை அதிபராக இருந்த ஹென்றி வாலஸைக் கழற்றிவிட்டு ஹாரி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். அடுத்த அதிபரையே தேர்ந்தெடுக்கிறோம் என்று அறிந்து செய்த வேலை அது. இவ்வளவும் செய்துவிட்டு, வந்தவரை வாசலிலேயே உட்கார வைத்தார் ரூஸ்வெல்ட். 82 நாள் துணை அதிபராக இருந்த ட்ரூமனுக்கு அணுகுண்டுத் திட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. 1945 ஏப்ரல் 12-இல் ரூஸ்வெல்ட் இறந்தார். போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் முழு விவரத்தையும் எடுத்துச் சொன்னது ஏப்ரல் 25-இல். ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமா.

துணை அதிபரை வெளியே நிறுத்தும் இந்த வழக்கத்தை அதிபர் கார்ட்டர் மாற்றினார். 1977-இல் தன் துணை அதிபர் வால்டர் மாண்டேலுக்கு வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அறை கொடுத்தார். வாரம் ஒரு நாள் இருவரும் சேர்ந்து மதிய உணவு. உளவுத் தகவல்களும் அவருக்குப் போயின. கார்ட்டரைப் பற்றி எவ்வளவோ குறை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அடுத்த தேர்தலின்போது மாநில வரைபடத்தைத் தாராளமாகப் போடுங்கள். பக்கத்திலேயே, அந்த வேட்பாளர் இதுவரை எதை நிர்வகித்தார், நாளைக்கே நாற்காலியில் உட்கார நேர்ந்தால் யாரைக் கேட்பார் என்று ஒரு பத்தியும் எழுதுங்கள்.

- ஒரு வாசகர், மன்னார்குடி