முதலில் ஓட்டக்காரி, அப்புறம்தான் நிர்வாகி: உஷா அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள உஷா அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் ஊரில் உங்களைச் சேச்சி என்பார்கள். நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, எனக்கு நீங்கள் அக்கா. 1986-ல் சியோல் ஆசியப் போட்டியிலிருந்து நான்கு தங்கமும் ஒரு வெள்ளியுமாக நீங்கள் திரும்பி வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அதற்கப்புறம் எங்கள் தெருவில் எந்தப் பெண் பிள்ளை கொஞ்சம் வேகமாக ஓடினாலும் "மனசுல பெரிய பி.டி. உஷான்னு நெனப்பு" என்பார்கள். திட்டாகத்தான் சொன்னார்கள். என் காதில் அது பட்டமாக விழுந்தது. இன்று நான் செய்யும் வேலைக்கு அந்தத் திட்டும் ஒரு காரணம்.

2022 டிசம்பர் 10 அன்று நீங்கள் போட்டியின்றி இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானீர்கள். அடுத்த பயிற்சி நாளில் என் பிள்ளைகள் எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். "ஓடின ஒருத்தங்க அந்த நாற்காலில உட்கார்ந்திருக்காங்க" என்றேன்.

அந்த நாற்காலியில் உங்களுக்கு முன்னால் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1927-ல் சங்கம் தொடங்கியபோது தலைவர், தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா. 1928 முதல் 1975 வரை பாட்டியாலா அரச குடும்பம்: பூபிந்தர் சிங், அவருக்குப் பின் அவருடைய மகன்கள் யாதவிந்திர சிங், பலிந்திர சிங். பிறகு விமானப்படைத் தளபதியாக இருந்த ஓ.பி. மெஹ்ரா, மத்திய அமைச்சராக இருந்த வி.சி. சுக்லா, தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தன், விமானியாக இருந்து அரசியலுக்கு வந்த சுரேஷ் கல்மாடி, சென்னைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த என். ராமச்சந்திரன். இவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு வீரர்களை அனுப்ப முன்னின்றவர் டாட்டா. யாதவிந்திர சிங் 1934-ல் நம் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடி 60 ரன் எடுத்தவர். கப்பல் டிக்கெட்டுக்கே காசில்லாத காலத்தில் பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள்தான் முன்னால் வர முடிந்தது. ஆனால் 95 ஆண்டுகளில் ஒலிம்பிக் களத்தில் இறங்கிய ஒருவர்கூட அந்த இடத்துக்கு வந்ததில்லை, உங்களைத் தவிர.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாவட்டப் போட்டி. காலை எட்டரைக்கு அணிவகுப்பு என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது பத்தே முக்கால். மேடையில் ஷாமியானா, சோபா, தண்ணீர் பாட்டில். மைதானத்தில் வெயில். அதற்கப்புறம் பொன்னாடை, வரவேற்புரை, கொடியேற்றம். என் மாணவி ஒருத்திக்கு அணிவகுப்பு முடிந்ததும் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். காலையில் அவள் சாப்பிட்டது இரண்டு இட்லி. மூன்றாவது தடையில் பின்னங்கால் தட்டி விழுந்தாள். முட்டியில் ரத்தம். எழுந்து மிச்ச ஏழு தடையையும் தாண்டி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அவளுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஓடப்போகிற காலை இரண்டு மணி நேரம் நிற்க வைக்கக்கூடாது என்பது மேடையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு பழைய ஓட்டக்காரர் அங்கே இருந்திருந்தால் தோன்றியிருக்கும்.

உங்களுக்குத் தெரியாததா? 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிப் போட்டி. ஒலிம்பிக் கிராமத்தில் கஞ்சியும் கடுமாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடினேன் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அங்கே என்ன உணவு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவோ, உங்களுக்கு ஏற்றதை ஏற்பாடு செய்யவோ ஆள் இல்லை. கடைசி 35 மீட்டரில் உடம்பு கைவிட்டது என்றீர்கள். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனை 55.41, நீங்கள் 55.42. அந்த நூறில் ஒரு வினாடியை நாடே ஒரு சோகக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது ஒரு நிர்வாகக் குறிப்பு. ஒரு பெண் ஓடுவதற்கு முன் என்ன சாப்பிட்டாள் என்று கேட்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கான குறிப்பு.

அதனால்தான் 2023 ஏப்ரலில் எனக்கு வலித்தது. மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார் சொல்லி, மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகட்டும் சாக்‌ஷி மாலிக்கும் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் புகாரை மறுத்தார். நீங்களோ, வீதியில் உட்காருவது ஒழுங்கீனம், நாட்டின் பெயர் கெடுகிறது என்றீர்கள். அன்று என் வகுப்புப் பெண்கள் என்னைத்தான் கேட்டார்கள், "உஷா மேடமா இப்படிச் சொன்னாங்க?" என்று. எனக்குப் பதில் வரவில்லை. மே 3 அன்று நீங்கள் நேரில் போய் அவர்களைப் பார்த்தீர்கள். முதலில் நான் வீராங்கனை, அப்புறம்தான் நிர்வாகி என்று நீங்கள் சொன்னதாக அவர்களோடு போராடிய மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா வெளியே சொன்னார். அந்த வார்த்தையை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக். இறுதிப் போட்டி நாள் காலையில் 100 கிராம் எடை கூடுதல் என்று வினேஷைத் தகுதி நீக்கம் செய்தார்கள். நீங்கள் போய்ப் பார்த்தீர்கள், ஆறுதல் சொன்னீர்கள். சில நாளில் ஓர் அறிக்கை வந்தது: எடையைப் பார்த்துக்கொள்வது அந்தந்த வீரர், பயிற்சியாளர் பொறுப்பு, சங்கம் நியமித்த தலைமை மருத்துவரும் அவர் குழுவும் அதற்குப் பொறுப்பில்லை என்று. விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் கஞ்சி குடித்துவிட்டு ஓடிய உஷா எழுதிய அறிக்கையாக அது எனக்குத் தெரியவில்லை அக்கா. 1984-ல் உங்களோடு போன அதிகாரிகளிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்: சாப்பாடு ஓடுகிறவர் பாடு.

விளையாடியவர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். 2022 செப்டம்பரில் கால்பந்துக் கூட்டமைப்புத் தேர்தலில் இரண்டு முன்னாள் வீரர்கள்தான் மோதினார்கள். கோல்கீப்பராக இருந்த கல்யாண் சௌபேக்கு 33 வாக்கு, இந்திய அணியின் கேப்டனாக இருந்த பைச்சுங் பூட்டியாவுக்கு 1. வாக்கு மாநிலச் சங்கங்களின் கையில் இருந்தது. உங்கள் சங்கத்திலும் ரகுராம் ஐயரைத் தலைமைச் செயல் அதிகாரியாக நீங்கள் நியமித்தபோது செயற்குழுவில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அந்தச் செயற்குழுவில் ககன் நாரங், யோகேஷ்வர் தத் என்று ஒலிம்பிக் பதக்கக்காரர்களும் இருந்தார்கள். எவ்வளவு இழுபறியில் நீங்கள் வேலை செய்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டப்படி, கூட்டமைப்புகளின் செயற்குழுவில் சாதனை வீரர்கள் குறைந்தது இரண்டு பேர், பெண்கள் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும். நல்லது. இனி எல்லாரும் பதக்கப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஆள் தேடுவார்கள். இங்கேதான் நீங்கள் வாய் திறக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

உங்களிடம் எனக்கு நம்பிக்கை தந்தது சியோல் பதக்கங்கள் இல்லை, மாநிலங்களவை நியமனமும் இல்லை. கேரளத்தில் கினாலூரில் இருக்கும் உங்கள் பள்ளிதான். 2002-ல் நீங்கள் தொடங்கிய உஷா தடகளப் பள்ளி. ஊர் ஊராகப் பெண் பிள்ளைகளைத் தேடி எடுத்து, அங்கேயே தங்க வைத்து, சோறு போட்டு, ஓட வைத்தீர்களே, அந்த வருடங்கள். லண்டனிலும் ரியோவிலும் 800 மீட்டர் ஓடிய டின்டு லூக்கா அங்கே வளர்ந்தவர். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்து வளர்த்தவருக்கு அவள் எப்போது சோர்வாள், எதைச் சொல்ல வெட்கப்படுவாள், யாரைப் பார்த்துப் பயப்படுவாள் என்று தெரியும். அடுத்து வருகிறவர்களைத் தேடும்போது அவர்கள் எத்தனை தங்கம் வாங்கினார்கள் என்பதோடு, எத்தனை பிள்ளைகளை வளர்த்தார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். அதைச் சொல்லும் தகுதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

2023 அக்டோபர் 2, ஹாங்சோ ஆசியப் போட்டி. கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் உங்கள் தேசிய சாதனையைச் சமன் செய்தார். திரையில் 55.42 என்று வந்ததும் நான் அழுதுவிட்டேன். 39 ஆண்டுகளாக அசையாமல் நின்ற எண் அது. எங்கள் மைதானத்தில் தடை நான்குதான் இருக்கிறது. மிச்சம் ஆறுக்குச் செங்கல் அடுக்கி மேலே மூங்கில் வைத்திருக்கிறேன். முதல் தடையில் சுண்ணாம்பால் 55.42 என்று எழுதியிருக்கிறது. மழை பெய்து அழிந்தால் பிள்ளைகளே மறுபடி எழுதிவிடுகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை ஒருத்தி