சுங்கை சிப்புட் தேனீ வளர்ப்போர் ஆண்டுக் கூட்டம்: செயலாளர் அறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, லிந்தாங்கிலிருந்தும் லாசாவிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயலவை இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கெலுலுட் எனும் கொசுத்தேனீ வளர்க்கும் பெண்கள். வரவு செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் சொல்வார். இந்த ஆண்டு நம்மை அதிகமாக வருத்தியதும், அதிகமாகக் கற்கவைத்ததும் மகரந்தச் சோதனைதான், அதாவது தேனில் எந்தப் பூக்களின் மகரந்தம் இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது. ஆகவே மீதி நேரத்தை அதற்கே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

ஏப்ரல் மாதம் கோலாலம்பூர் வாங்குநர் ஒருவர் நம் ரப்பர் தேனைத் திருப்பி அனுப்பினார். தேனைச் சோதித்ததில் ரப்பர் மகரந்தம் மிகச் சொற்பமாகவே இருந்ததாம். "வேறு தேனுக்கு ரப்பர் தேன் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்" என்று கடிதத்தில் எழுதியிருந்தார். நம் தேன்பெட்டிகள் நிற்பதே பால்மரங்கள் எனும் ரப்பர் மரங்களுக்கு நடுவில். நம்மில் பலருடைய அப்பாவும் தாத்தாவும் அந்த மரங்களில் பால் வெட்டியவர்கள். கடிதத்தை மே மாதக் கூட்டத்தில் வாசித்தபோது யாரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "அவர் நுண்ணோக்கியில் பார்த்ததை நாமும் பார்த்துவிடலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்த ஆண்டின் வேலை தொடங்கியது.

நம் உறுப்பினரும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியையுமானவர் பொறுப்பேற்றார். தமிழ்ப்பள்ளியில் நுண்ணோக்கியை இரவல் பெற்றோம். சிறிய மையவிலக்குப் பொறி ஒன்றைப் பழைய பொருளாக வாங்கினோம். 10 கிராம் தேனை 20 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பொறியில் சுழற்றி, மேல்நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கும் வண்டலைக் கண்ணாடித் தகட்டில் இட்டுப் பார்ப்பதுதான் முறை. 1978இல் லூவோ, மௌரிட்சியோ, ஃபோர்வோல் என்ற மூவர் ஒழுங்குபடுத்திய இம்முறையே இன்றும் உலகெங்கும் அடிப்படையாக இருக்கிறது. அதற்கும் முன்பே, 1895இல், ஸ்விட்சர்லாந்தின் ஃபிஸ்டர் தேனில் இருக்கும் மகரந்தத்தைக் கொண்டு அது எந்த நாட்டுத் தேன் என்று சொல்ல முடியும் எனக் காட்டியிருந்தார்.

தகட்டில் நாம் கண்டது பலரைத் திகைக்க வைத்தது. கண்ணுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தொட்டாச்சிணுங்கி. நான்கு நான்காக ஒட்டிக்கொண்ட மிகச் சிறிய மணிகள். அடுத்து செம்பனை எனும் எண்ணெய்ப்பனை, முக்கோண வடிவில், மூன்று கிளையாகப் பிரிந்த பிளவோடு. இடையிடையே தென்னை. ரப்பர் மகரந்தம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். வாங்குநர் சொன்ன எண்ணிக்கை தவறில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு.

இதை ஒவ்வோர் உறுப்பினரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ரப்பர் மரத்தின் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்து செம்பு நிறத் தளிர் விடும் காலத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இனிப்புநீர் கசிகின்றன. தேனீக்கள் அதையே உறிஞ்சுகின்றன. இலையில் மகரந்தம் ஏது? குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ரப்பர் தேன் எடுப்பவர்களுக்கும் இது பழகிய சங்கதி. செம்பனையின் கதை நேர் எதிர். அதன் பூ தேனீக்குத் தேன் தருவதில்லை. ஆனால் ஆண்பூவில் மகரந்தம் கொட்டிக் கிடப்பதால், குஞ்சுகளுக்கு உணவாக்கத் தேனீ அதை அள்ளிவருகிறது. ஆகவே தேன் தந்த மரம் தகட்டில் மறைந்துகொள்ள, தேனே தராத மரம் முன்னால் வந்து நிற்கிறது.

இதனால்தான் வெறும் விழுக்காட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முதன்மை மகரந்தம் என்பது நூல்களில் உள்ள வகைப்பாடு. ஆனால் ஐரோப்பியச் செஸ்ட்நட் மரம் அளவுக்கு மீறி மகரந்தம் தரும், ஆரஞ்சு வகைகள் மிகக் குறைவாகத் தரும் என்று அதே துறையினர் திருத்தம் சொல்கிறார்கள். நம் ரப்பருக்கும் தொட்டாச்சிணுங்கிக்கும் அந்தத் திருத்தம் வேண்டும் என்று ஆசிரியை விளக்கம் எழுதினார். தகட்டுப் படங்களோடு வாங்குநருக்கு அனுப்பினோம். இதுவரை பதில் இல்லை.

அந்தத் தகட்டின் முன் உட்கார்ந்திருந்த ஒரு மாலை என் மனத்தை விட்டு நீங்கவில்லை. ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. 1877இல் நம் பக்கத்துக் கோலாகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்தே இந்த நாட்டில் அதன் கதை தொடங்குகிறது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவினுடையது. தொட்டாச்சிணுங்கி அமெரிக்க வெப்பமண்டலத்தினுடையது. எல்லாம் நம் தாத்தா பாட்டிகளைப் போலக் கப்பலேறி வந்து, இந்த மண்ணிலேயே வேர்விட்டவை. இத்தனையும் ஒரு துளித் தேனில் ஒன்றாகக் கிடந்தன.

ஜூலையில் நடந்ததை மறைக்காமல் பதிவு செய்வது என் கடமை. ஓர் உறுப்பினரின் தேனில், பதினாறு மணிகள் சேர்ந்து உருண்ட பந்து போன்ற மகரந்தம் நிறைய இருந்தது. அது அக்கேசியா மாஞ்சியம். அவருடைய பெட்டிகளைச் சுற்றி அந்த மரம் ஒன்றுகூட இல்லை என்று நாங்கள் எண்ணினோம். வெளியில் வாங்கிக் கலந்திருப்பாரோ என்ற பேச்சு எழுந்தது. அவரிடம் நேராகக் கேட்காமல் இரண்டு வாரம் போனது. கடைசியில் ஆசிரியையும் நானும் நடந்தே சென்று பார்த்தோம். தண்டவாளத்திற்கு அப்பால், பழைய ஈயச் சுரங்கத்து மணல்மேட்டில், மாஞ்சியம் வரிசையாகப் பூத்து நின்றது. பெட்டித் தேனீ எளிதாகப் பறந்துபோகும் தொலைவுதான். செயலவை அவர் வீட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டது. அவர் தேநீர் கொடுத்து அனுப்பினார். நம் வட்டாரத்துச் செடிகொடிகளை முதலில் அறியாமல் தேனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை அன்று உணர்ந்தேன்.

கெலுலுட் வளர்ப்போருக்கு ஒரு செய்தி. கொசுத்தேனீயின் கூட்டில் தேன்குடங்களும் மகரந்தக் குடங்களும் அருகருகே இருக்கும். கூட்டைப் பிழிந்து எடுத்தால் மகரந்தக் குடம் உடைந்து தேனில் கலந்துவிடும். பிறகு தகட்டில் எண்ணுவதற்குப் பொருளே இல்லை. உறிஞ்சு குழாயால் குடம் குடமாக எடுத்த தேனை மட்டுமே இனிச் சோதனைக்கு ஏற்போம். உங்கள் தேன் இயல்பாகவே புளிப்பும் நீர்த்தன்மையும் கொண்டது. பெட்டித் தேனின் அளவுகோலைக் கொண்டு அதைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். கெலுலுட் தேனுக்கென 2017இலேயே தனி மலேசியத் தர நிர்ணயம் வந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

இரவுச் சந்தைகளில் "தோட்டத்துத் தேன்" என்று விற்ற சில புட்டிகளையும் வாங்கிப் பார்த்தோம். ஒன்றில் மகரந்தமே இல்லை. மிக நுண்ணிய வடிகட்டலில் நீக்கியிருக்கலாம், அல்லது தொடக்கத்திலிருந்தே வெறும் சர்க்கரைப்பாகாக இருந்திருக்கலாம். இரண்டில் எதுவென்று தகடு சொல்லாது. 2011இல் அமெரிக்காவில் வான் பிரையன்ட் என்ற ஆய்வாளர் கடைத் தேன்களைச் சோதித்தபோது, நான்கில் மூன்று பங்குக்கு மேல் மகரந்தமின்றியே இருந்தன. அந்நியப் பொருளை நீக்கும்போது தவிர்க்க முடியாத அளவைத் தவிர மகரந்தத்தை அகற்றக் கூடாது என்பது அனைத்துலக உணவு விதி. இன்னொரு புட்டியில் கடுகுக் குடும்பத்து மகரந்தம் நிறைந்திருந்தது. நம் ரப்பர் காட்டில் கடுகு வயல் எங்கே இருக்கிறது? விற்றவரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவரும் யாரிடமோ வாங்கி விற்பவர்தான்.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்ல வேண்டும். தேனீக்குச் சர்க்கரைப்பாகு ஊட்டி எடுத்த தேனிலும் மகரந்தம் இருக்கும். கரும்பு, சோளப் பாகுக் கலப்பைக் கரிம ஐசோடோப்புச் சோதனை, அதாவது சர்க்கரை எந்த வகைச் செடியிலிருந்து வந்தது என்று கரிம அணுக்களைக் கொண்டு காணும் சோதனை, காட்டிக்கொடுக்கும். அரிசிப் பாகு அதற்கும் தப்பிவிடும். கொய்யாவும் ஜம்புவும் திரங்கானு கெலாம் மரமும் ஒரே குடும்பம் என்பதால், மூன்றின் மகரந்தத்தையும் நம் நுண்ணோக்கியில் பிரித்தறிவது கடினம். அதைவிட முக்கியமாக, செம்பனையும் தொட்டாச்சிணுங்கியும் வேறு மாநிலமான ஜொகூரிலும் உண்டு. நம் தேனை நம்முடையது என்று காட்டப்போகிறவை லாசா பக்கத்து மலைக்காட்டு மரங்கள். அந்தத் தேன்களில் பெயர் கண்டறிய முடியாத மகரந்தங்கள் பல இருந்தன. அவற்றுக்குப் பெயர் கொடுக்கும் வரை நம் வேலை பாதியில்தான் நிற்கிறது.

புட்டியின் ஒட்டுத்தாளில் தேனுக்கு என்ன பெயர் போடுவது என்பது பற்றி அக்டோபர் கூட்டத்தில் கடுமையான வாக்குவாதம் நடந்தது. "ரப்பர்" என்ற சொல்லையே எடுத்துவிடலாம் என்றனர் இளையோர் சிலர். அது நம் பெற்றோரின் உழைப்பை அழிப்பதாகும் என்றனர் மூத்தோர். நானும் மூத்தோர் பக்கமே நின்றேன். முடிவு இதுதான். தளிர்க் காலத்தில், தளிர்விட்ட ரப்பருக்கு நடுவே எடுத்த தேனுக்கு மட்டும் "ரப்பர் தளிர்த் தேன்" என்ற பெயர். மற்றதெல்லாம் "தோட்டத் தேன்". இரண்டிலும் எடுத்த மாதமும் இடமும் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டின் முதல் வேலை மகரந்தப் பேழை. நம் சுற்றுவட்டாரத்தில் பூக்கும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு தகடு செய்து, பூக்கும் மாதத்தோடு அடுக்கிவைக்கப் போகிறோம். லாசாவிலும் அதற்கு மேலேயும் வாழும் தெமியார் பழங்குடி மக்களிடம் காட்டு மரங்களின் பெயரைக் கேட்டறிய இருவர் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும், விடுமுறை நாள்களிலும் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்ட தமிழ்ப்பள்ளிக்கும், கண்வலியைப் பொருட்படுத்தாமல் தகட்டுக்கு முந்நூறு மணி எண்ணிய ஆசிரியைக்கும் சங்கத்தின் நன்றி.

பிப்ரவரியில் இலை உதிர்ந்து தளிர் வரத் தொடங்கும். அதற்குள் எல்லாரும் பூக்களைக் கொண்டுவர வேண்டுகிறேன். மலராத மொட்டும் மலர்ந்த பூவும் இரண்டும் தேவை. பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும், ஆகவே காகித உறையில் போடுங்கள். உறையின் மேல் நாள், இடம், ஊர்ப்பெயர், பெட்டியிலிருந்து எத்தனை அடி தொலைவு என்பவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பெயர் தெரியாத பூவாக இருந்தால் அதைத்தான் முதலில் கொண்டுவாருங்கள். உறைகளைப் போடும் பெட்டி பள்ளி அலுவலக வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது.

செயலாளர்
சுங்கை சிப்புட், பேராக்