டோனர் சிப்புக்கு ஒரு கடிவாளம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசிவிட்டோம். நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு மின்னணுப் பொருளின் விலை பில் போட்டதோடு முடிவதில்லை. பில்லுக்குப் பிறகு நம்மிடம் கறக்கப்படும் பணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் பிரிண்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

மேலூர் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, பட்டா நகல், தேர்வு ஹால் டிக்கெட் என்று நாள் முழுக்க பிரிண்ட் போகும். பக்கத்துக்கு 5 ரூபாய். என்னிடம் உள்ள சிறிய லேசர் பிரிண்டரின் ஒரிஜினல் டோனர், அதாவது மைப்பொடி அடைத்த கார்ட்ரிட்ஜ், 5,000 ரூபாயை ஒட்டி விற்கிறது. சுமார் 1,500 பக்கம் வரும் என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். அப்படியானால் பக்கத்துக்கு 3 ரூபாய்க்கு மேல் டோனரே தின்றுவிடும். காலியான கார்ட்ரிட்ஜில் பொடி நிரப்பி, அதை பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சிப்பை மாற்றித் தர மதுரையிலிருந்து வரும் ரீஃபில் தம்பி 400 ரூபாய் வாங்குகிறார். பக்கத்துக்கு 30 பைசாகூட ஆகாது. பேப்பர், கரண்ட், கடை வாடகை, உதவிக்கு இருக்கும் பெண்ணின் சம்பளம் எல்லாமே இந்த வித்தியாசத்தில்தான் ஓடுகின்றன.

அந்த பிரிண்டர் ஒருநாள் வைஃபை வழியாகத் தானாக அப்டேட் ஆனது. முந்தைய நாள் மாலை வரை அழகாக அச்சடித்த அதே கார்ட்ரிட்ஜை மறுநாள் காலையில் ஏற்கவில்லை. ஒரிஜினல் சிப் இல்லை என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். வெளியே சான்றிதழுக்கு ஆட்கள் நிற்கிறார்கள். அவசரத்துக்கு ஒரிஜினல் டோனர் வாங்கித்தான் அன்றைய வேலையை முடித்தேன். நிறுவனத்துக்குப் புகார் எழுதினால் பதில் வந்தது: அச்சின் தரத்துக்காக, பிரிண்டரின் பாதுகாப்புக்காக, எங்கள் அறிவுசார் சொத்துரிமையைக் காப்பதற்காக. முதல் இரண்டையும் பற்றி விவாதிக்கலாம். மூன்றாவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குப் பதிப்புரிமை என்றால் என்னவென்று தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். முழு கைடையும் நகலெடுத்துத் தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் சேர வேண்டியது அது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டது எங்கள் தொழிலில் பலருக்குத் தெரியும். பாடம் நடத்துவதற்காக நூல்களிலிருந்து பகுதிகளை நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது என்று 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. உரிமை என்றால் அதற்கு ஓர் எல்லை உண்டு. படைத்தவருக்கும் உண்டு, பயன்படுத்துகிறவருக்கும் உண்டு. கம்பெனி பெயரை அச்சடித்த போலிப் பெட்டியில் மட்டமான டோனரை அடைத்து விற்கிறவர்களைப் பிடித்துத் தண்டிக்கட்டும், நானே ஆதரிப்பேன். ஆனால் காசு கொடுத்து நான் வாங்கிய கார்ட்ரிட்ஜ் காலியானதும் அதில் பொடி நிரப்புவது எந்த வகைத் திருட்டு?

அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. லெக்ஸ்மார்க் நிறுவனம் தன் டோனர் கார்ட்ரிட்ஜில் சிப் வைத்தது. அதற்கு ஈடான சிப்பைத் தயாரித்த ஸ்டாட்டிக் கன்ட்ரோல் நிறுவனத்தின் மீது பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டது. எதற்குப் பதிப்புரிமை? சிப்பில் இருந்த 55 பைட்டைத் தாண்டாத ஒரு புரோகிராமுக்கு. இந்த வழக்கின் தலைப்பைத் தட்டச்சு செய்தாலே அதைவிட அதிக இடம் பிடிக்கும் என்று நீதிபதிகள் தீர்ப்பிலேயே குறித்தார்கள். 2004-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஸ்டாட்டிக் கன்ட்ரோல் மீது இருந்த தடையை நீக்கியது. அப்புறம் அதே லெக்ஸ்மார்க், காலி கார்ட்ரிட்ஜ்களை நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சிறிய கம்பெனி மீது காப்புரிமை (பேடன்ட்) வழக்கு நடத்தியது. 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பொருளை விற்ற கணமே அதன்மீது இருந்த காப்புரிமை தீர்ந்துவிடுகிறது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதற்குக் காட்டிய உதாரணம், பழைய கார்களைச் சரிசெய்து விற்கும் கடை.

நம் நாட்டிலும் முன்னுதாரணம் இருக்கிறது. கார் உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அங்கேயும் அறிவுசார் சொத்துரிமையைத்தான் முன்வைத்தன. ஆணையம் அதை ஏற்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவும், அந்தச் சட்டம் தரும் உரிமைகளை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. டோனர் நிரப்புகிறவர் யாருடைய படைப்பையும் நகலெடுப்பதில்லையே.

சட்டம் இவ்வளவு சொன்ன பிறகும் எங்கள் நிலைமை மாறாததற்குக் காரணம், வேலையைச் சட்டம் செய்யவில்லை, சிப் செய்கிறது. கோர்ட்டில் தோற்றதை அப்டேட்டில் ஜெயிக்கிறார்கள். மேலூரில் இருக்கிற ஒரு கடைக்காரி எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

பழுதுபார்க்கிறவர்களைத் தடுக்காமல் விட்டால் புதிய தொழில்நுட்பம் நின்றுவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புட்டியிலிருந்து மை ஊற்றி நிரப்பிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரிண்டர் இன்று கடைதோறும் இருக்கிறது. அதை எப்சன் முதலில் 2010-இல் இந்தோனேசியாவில் விற்றது. அதற்கு முன்பே பிரிண்டருக்கு வெளியே மைப் புட்டி வைத்து, டியூப் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் சின்னச் சின்னக் கடைக்காரர்கள். மலிவான மைக்குத் தேவை இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது அவர்களுடைய கைவேலைதான். அந்தக் கம்பெனியும் கெட்டுப்போகவில்லை, நமக்கும் நல்ல பொருள் கிடைத்தது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று காட்டும் பழுதுபார்ப்புக் குறியீடு தருவது பற்றி அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. முதலில் வருவது ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும் என்கிறார்கள். சரி, வரட்டும். பிரிண்டரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு: வேறு கார்ட்ரிட்ஜ் போட்டால் ஓடாது என்றால் அதை பிரிண்டர் பெட்டியின் முன்பக்கத்தில், விலைக்குப் பக்கத்திலேயே தமிழிலும் அச்சிட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை வாங்குகிறவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்பதற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020-இல் ஹெச்.பி. நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. இங்கே ஒரு வரி அச்சிட வைக்கக்கூடவா முடியாது? விற்ற பிறகு, வாங்கியவர் சம்மதம் இல்லாமல், முன்பு ஓடியதை ஓடாமல் செய்யும் அப்டேட்டையும் நியாயமற்ற வணிகமாக அறிவிக்க வேண்டும்.

இந்த விதிகளை எழுதும்போது தில்லியில் நிறுவனங்களின் பிரதிநிதிகளை மட்டும் கூப்பிட்டுப் பேசாமல், மதுரையிலும் திருச்சியிலும் பைக்கில் டோனர் பொடி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ரீஃபில் தொழிலாளர்களையும் அழைத்துக் கேட்குமாறு அந்தத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
மேலூர், மதுரை மாவட்டம்.