நீலப்பூக் கிழங்கு

அன்பு மகளுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு இன்னும் நித்திரை சரிவரவில்லை. இரவு 2 மணிக்கு எழும்பித் தேத்தண்ணி கேட்கிறார்.

கனடாவில், விக்டோரியாவில் உன் கம்பஸைச் சுற்றிக் காட்டியபோது, ஓக் மரங்களுக்குக் கீழே நின்ற காய்ந்த தண்டுகளைப் பார்த்து, "இவ்வளவு பெரிய இடத்தில் புல்லு வெட்ட ஆளில்லையோ?" என்று கேட்டுவிட்டேன். உன் முகம் சுருங்கிப் போனது. ஒன்றும் பேசாமல் ஒரு காய்ந்த காயைக் கையில் தந்தாய். மூன்று அறை, உள்ளே கருஞ்சீரகம் போல மினுங்கும் விதைகள். கமாஸ் என்றாய். அந்த மண்ணுக்குரிய லெக்வங்கன் சனங்களின் கிழங்கு.

நேற்றுப் பக்கத்து வீட்டு மாமிக்கு இதைத்தான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். குழி வெட்டி, கல்லைச் சூடாக்கி, இலை பரப்பி, ஒரு நாளுக்கு மேலே மூடி வைத்து அவிப்பார்கள், வெள்ளைக் கிழங்கு மண்ணிறமாகி இனிக்கும் என்றேன். "பனங்கிழங்கு இவ்வளவு மினக்கெடுத்தாதே" என்றார். அப்புறம் நீலப்பூக் கமாஸுக்கு நடுவில் வெள்ளைப்பூ பூக்கிற நச்சுக் கிழங்கும் முளைக்கும், மண்ணுக்குள்ளே இரண்டும் ஒரே மாதிரி என்றதும் மாமி வாயில் கை வைத்தார். அதுதான் பூக்கிற காலத்திலேயே பெண்கள் வெள்ளையைப் பார்த்துப் பிடுங்கி எறிந்துவிடுவார்களாம். கூர்த் தடியால், எங்கள் அலவாங்கு மாதிரித்தான், பெரியதைக் கிண்டி எடுத்துச் சின்னதைத் திரும்ப மண்ணில் புதைப்பார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனி நிலம். கல் பொறுக்குவதும், புதர் ஏறாமல் நெருப்பு வைப்பதும் அவர்கள் வேலை. விதை போட்டால் பூப் பார்க்க மூன்று நாலு வருஷம் போகும்.

1842இல் ஹட்சன் பே வியாபாரக் கொம்பனிக்கு இடம் பார்க்க வந்த ஜேம்ஸ் டக்ளஸ் அந்த இடத்தை அப்படியே ஏதேன் தோட்டம் என்று எழுதினான் என்றாயே, அதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏதேனில் ஆர் குனிந்து களை பிடுங்கினது? அடுத்த வருஷமே கோட்டை கட்டினார்கள். மாடு மேய்ந்தது, பன்றி கிழங்கைக் கிளறித் தின்றது. அந்த ஓக் புல்வெளிகளில் இப்போது 5 வீதம்கூட மிச்சமில்லை. சரி, நானும்தான் புல்லு என்று சொன்னேன்.

நீ சனிக்கிழமைகளில் அங்கே களை பிடுங்கப் போகிறது படிப்பைக் கெடுக்கும் என்று பேசினேன். இனிப் பேசமாட்டேன். கையுறை போட்டுக்கொண்டு போ. சித்திரையில் பூத்ததும் படம் அனுப்பு, மாமியும் கேட்கிறார். வெள்ளைப்பூ கண்டால் நீயாகப் பிடுங்காதே, தெரிந்தவர்களைக் கேள்.

பனங்கிழங்கு ஒடியல் மா ஒரு கிலோ கட்டி வைத்திருக்கிறேன். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் கூழுக்குப் போட வேண்டும், மறந்துவிடாதே.

அம்மா