ஜவ்வாது மலை ஊராட்சிகளுக்கு: தெருவிளக்குகள் தரையை நோக்கட்டும்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 தேதிகளையொட்டி, புனர்பூச நட்சத்திரங்கள் இருக்கும் திசையிலிருந்து பொழியும் ஜெமினிட் எரிகற்களைக் காண உங்கள் மலைக்கு வருபவர்களில் நானும் ஒருவன். பாயை விரித்து மல்லாந்து படுத்து, வெறுங்கண்ணாலேயே பார்க்க வேண்டிய காட்சி அது. நிலவில்லாத, நன்கு இருண்ட வானில் உச்சப் பொழுதில் மணிக்கு நூறுக்கு மேல் விழக்கூடியவை, நகரத்து வானில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தெரிகின்றன. இருளுக்குக் கண் பழக ஏறத்தாழ அரை மணி நேரமாகும். ஒரு வெள்ளை விளக்கு முகத்தில் அடித்தால் அத்தனையும் வீணாகி, மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க நேர்கிறது.

இந்த இருளை நம்பித்தான் வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வான்நோக்குக்கூடம் அமைக்க இம்மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1977இல் யுரேனஸின் வளையங்களை வெளிப்படுத்திய அவதானிப்புகளில் காவலூருடையதும் ஒன்று. 1988இல் இங்கே கண்டறியப்பட்ட சிறுகோள் ராமானுஜனின் பெயரைத் தாங்கி இன்றும் சூரியனைச் சுற்றி வருகிறது.

பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் அஞ்சி இரவில் நடப்பவர்களுக்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். விளக்கை அணையுங்கள் என்று நான் கேட்கவில்லை. தூரத்தில் வருபவருக்குப் பாதை தெரியாமல் பல்பு மட்டும் கண்ணைக் கூசச் செய்தால், அந்த விளக்கின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். கம்பத்தின் கையைத் தரைக்கு இணையாகத் திருப்பி, மேலே ஒரு மூடியும் பொருத்தினால், குறைந்த வாட்டிலேயே தெரு நன்றாகத் தெரியும். நீலம் கலந்த வெண்ணொளி காற்றில் கூடுதலாகச் சிதறி வானத்தையே வெளிறச் செய்வதால், புதிதாக வாங்கும் எல்இடி விளக்குகள் இளமஞ்சள் நிறத்தில் இருப்பது நல்லது. மலையடிவார ஊர்களின் உயர்கோபுர மின்விளக்குகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். என் கணிப்பில் பெரும் சேதம் அவற்றால்தான்.

லடாக்கின் ஹான்லே பகுதி 2022இல், இரவு வானின் இருளைக் காக்கும் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே உள்ளூர் மக்களுக்கே தொலைநோக்கி தந்து, வருபவர்களுக்கு வானத்தைக் காட்டப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். அது அவர்களுக்கு வருமானமும் ஆயிற்று. 2024 மே மாதச் சூரியப் புயலின்போது துருவ ஒளியின் செந்நிறத்தை அங்கிருந்த கேமராக்கள் பதிவு செய்தன. துருவ ஒளி நம் மலைக்கு எட்டாது என்றாலும், அந்த ஏற்பாடு எட்டக்கூடியதே.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில், இனி வாங்கும் தெருவிளக்குகள் அனைத்தும் மூடியிட்டவையாக, தரையை மட்டுமே நோக்குபவையாக இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வான்நோக்கும் ஆர்வலர் ஒருவர்