எல்லாப் பள்ளியிலும் ஒரே கன்றை நட வேண்டாம்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

மரம் நடு விழாவுக்கு நீங்கள் திட்டம் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் நூறு கன்று நட்டோம், எல்லாம் ஒரே வகை. பிப்ரவரி வெயிலில் பட்டுப்போன ஒன்றை மார்ச்சில் பிடுங்கிப் பார்த்தேன். வேர் மண்ணில் பரவவே இல்லை. கறுப்புப் பையில் இருந்தபடியே சுருண்டு கிடந்தது. அதை நட்ட மூன்றாம் ஆண்டுப் பிள்ளை பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

கன்றுகளை எண்ணுவதை விட்டு, மரத்தின் எடையைப் பார்ப்போம். தண்டு, கிளை, இலை, வேர் எல்லாம் சேர்ந்த எடைதான் உயிர்த்திரள். ஈரம் போக மிஞ்சும் எடையில் ஏறக்குறைய பாதி, மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த கார்பன். அடிமரத்தின் சுற்றளவு இருமடங்கானால் எடை ஐந்து மடங்குக்கும் மேல் ஏறும். பிழைத்து முதிர்ந்த மரத்துக்குத்தான் கணக்கு.

மழையும் வெயிலும் நமக்குக் குறைவில்லை. ஆனால் இந்தச் சின்னத் தீவுக்குள்ளேயே நிலம் மாறுகிறது. கொடிமலை உச்சி 833 மீட்டர். அடிவாரத்தைவிட நன்றாகவே குளிரும். மலை முகடுகளுக்கு உரியது செராயா மரம். இங்குள்ள தாவரவியல் பூங்காவை 1884-இல் உருவாக்கிய சார்லஸ் கர்ட்டிசின் பெயரைத்தான் அதன் அறிவியல் பெயர் தாங்குகிறது. கடலோர மணலில் செராயாவை நட்டுப் பயனில்லை. அங்கே புன்னை நிற்கும். ஜார்ஜ்டவுன் எழுந்த முனைக்குப் பழைய பெயர் தஞ்சோங் பெனாகா. பெனாகா என்பது நம் புன்னைதான். நெய்தலுக்குப் புன்னை என்று அன்றே பாடி வைத்தவர்களின் பிள்ளைகள் நாம். கடலோரப் பள்ளியில் அதை நடாமல் வேறு எதை நடுவது?

ஒரு வகையோடு நிறுத்தவும் வேண்டாம். சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில் பரிசோதனைக் காடுகள் வளர்த்துப் பார்த்தார்கள். 16 வகை மரங்கள் கலந்த நிலம் எட்டே ஆண்டில், ஒரே வகை நட்ட நிலத்தைவிட இருமடங்குக்கும் மேல் கார்பனைச் சேர்த்திருந்தது. ஒரு மரம் வெயிலைத் தேடி உயரும், இன்னொன்று அதன் நிழலிலேயே தழைக்கும். ஒன்றின் வேர் மேலோடும், மற்றொன்றின் வேர் ஆழம் போகும். ஒரு மரத்தைப் பிடித்த பூச்சியும் எல்லாவற்றையும் அழிக்காது.

நூறு வேண்டாம், இருபது போதும். பத்து வகையாவது இருக்கட்டும். நடும்போது பையைக் கிழித்து வேரைப் பிரித்துவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் ஊற்ற முறை வையுங்கள். கன்று ஆளுயரம் தாண்டியதும் ஆண்டுக்கொருமுறை 1.3 மீட்டர் உயரத்தில் நாடா சுற்றி அளக்க வேண்டும். நாடாவை நட்ட பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் மாணவியின் தந்தை